ஹக்கோவா வியன்னா: ஒரு சிறு கண்காட்சியைப் போட்டு முடிப்பதற்குள்

இரண்டு அறை, ஏழு கண்ணாடிப் பெட்டி, நாற்பது பொருள், எட்டு மாத அவகாசம். ஹக்கோவா வியன்னா என்ற யூத விளையாட்டுச் சங்கத்தைப் பற்றிக் கண்காட்சி போடும் வேலையை ஒப்புக்கொண்டபோது கணக்கு இவ்வளவுதான். முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. கணக்கில் இல்லாமல் கையைவிட்டுப் போன பணம் 6,200 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. சிறிய சமூகக் கூடம் என்பதால் பொருள் தேடுவது, குறிப்பு எழுதுவது, பெட்டி அமைப்பது, அச்சகத்துக்கு ஓடுவது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் யாரும் கிடையாது. அடுத்தவர் வீட்டு நினைவுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கெடுத்துவிட்டோமோ என்று தூக்கமில்லாமல் கிடந்த இரவுகள் நிறைய. எங்கெங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணமும் அந்தத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். இதே மாதிரி வேலையைத் தொடப்போகிறவர்களுக்காக அத்தனையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சங்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹக்கோவா என்றால் ஹீப்ருவில் வலிமை. வியன்னாவில் பல விளையாட்டுச் சங்கங்கள் யூதர்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1909இல் யூதர்களே தொடங்கியது. தொடங்கியவர்களில் பாடலாசிரியர் ஃபிரிட்ஸ் லோனர் பேடாவும் உண்டு. அவர் 1942இல் அவுஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். நீலம், வெள்ளை நிறம். நெஞ்சில் யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரம். கால்பந்து மட்டுமல்ல, நீச்சல், மல்யுத்தம், வாள்வீச்சு, ஹாக்கி, தடகளம் என்று பல பிரிவுகள் இருந்தன. 1923 செப்டம்பரில் லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாம் அணியை 5–0 என்று வென்றார்கள். 1924–25 பருவத்தில், ஆஸ்திரியாவின் முதல் தொழில்முறை லீகில் சாம்பியன் ஆனார்கள். பட்டத்தை உறுதி செய்த ஆட்டத்தில் கோல்கீப்பர் அலெக்சாண்டர் ஃபேபியனுக்குக் கை உடைந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில் இடமில்லாததால், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி முன்வரிசைக்குப் போனார். வெற்றி கோலை அடித்தவரும் அவர்தான். 1926இல் அமெரிக்கப் பயணத்தின்போது நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் 46,000 பேர் ஆட்டம் பார்க்க வந்தார்கள். யூதர்களை வெறுக்காத ஊராக நியூயார்க் தெரிந்ததாலும் சம்பளம் கூடுதல் என்பதாலும் பல வீரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதன்பின் வியன்னா அணி பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை. அந்த அணியில் ஆடிய பேலா குட்மன்தான் பிற்காலத்தில் போர்ச்சுகல் அணி பென்ஃபிகாவின் பயிற்சியாளராக 1961, 1962 என அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவர்.

இவ்வளவு வெற்றிகள் உள்ள சங்கத்துக்கு நான் முதலில் போட்ட வரைபடத்தில் வாசலிலேயே 1938 இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது, சங்கம் கலைக்கப்பட்டது, மைதானம் பறிக்கப்பட்டது. படை நுழையும் படத்தைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கி, அதைத் தாண்டித்தான் கோப்பைகளுக்குப் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். சங்கத்தில் நீந்திய ஒருவரின் பேத்தி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “எங்கள் பாட்டி நீந்துவதை எந்தச் சுவரில் பார்ப்பது?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வாசலில் சாவை வைத்தால் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு முகமும் பார்க்கிறவர் கண்ணுக்குப் பலியானவரின் முகமாக மட்டுமே தெரியும். அந்த ஆட்கள் காலையில் பயிற்சிக்குப் போனவர்கள், ஆஃப்சைடுக்குச் சண்டை போட்டவர்கள், தோற்று அழுதவர்கள் என்பது மறைந்துபோகும். வரைபடத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி வரைந்தேன். மூன்று வாரம் போனது. முதல் அறை முழுக்க ஆட்டம். 1938 இரண்டாம் அறையின் நடுவில், ஒரு திருப்பத்துக்குப் பின்னால், முதல் அறையிலிருந்து கண்ணில் படாத இடத்தில். ஆட்டத்தை முதலில் பார்த்தவருக்குத்தான் பறிபோனது என்ன என்று புரியும். யூத விளையாட்டு மரபைப் பற்றி எந்த ஊரில் காட்சி வைத்தாலும் இந்த வரிசை முறையை மாற்றாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

இதோடு ஒட்டியது நட்சத்திரப் பிரச்சினை. ஹக்கோவா சட்டையில் இருக்கும் நட்சத்திரம் அவர்களே விரும்பி, பெருமையோடு போட்டுக்கொண்டது. 1941 செப்டம்பரில் நாஜி அரசு யூதர்களைக் கட்டாயமாகத் தைக்க வைத்த மஞ்சள் நட்சத்திரம் வேறு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். சோதனைக்குக் கூட்டிவந்த பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர், விளையாடும்போதும் நட்சத்திரம் தைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். அடுத்த நாளே மஞ்சள் நட்சத்திரத்தைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். சட்டையின் குறிப்பில் முதல் வரியாக “இந்த அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தது சங்கத்தார்” என்று சேர்த்தேன். குறிப்பு எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பாமல், விஷயம் தெரியாத பத்துப் பேரைப் படிக்க வைத்து, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை, ஒரு மத்தியானம் போதும்.

இனி பொருள்கள். மிகவும் வலித்தது கோப்பை விஷயம். ஒரு குடும்பம் இரவலாகத் தந்த சிறிய வெள்ளி முலாம் கோப்பை, ஒரு சாண் உயரம். சங்கத்தின் நிறமாயிற்றே என்று பெட்டியின் தரையில் அடர்நீலக் கம்பளி ஃபெல்ட் விரித்தேன், பார்க்க அழகாக இருந்தது. ஐந்தாவது வாரம் கோப்பையின் அடிப்பக்கம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கைப்பிடியின் உள்வளைவில் கறுத்தே விட்டது. கம்பளியில் கந்தகம் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் அது மெல்ல வெளிவந்து வெள்ளியைத் தாக்கும். ரப்பர், சில சாயங்கள், சில பசைகள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். பெட்டிக்குப் பயன்படுத்திய எம்டிஎஃப் பலகையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்துக்கும் வெண்கலப் பதக்கங்களுக்கும் கேடு. பெட்டிக்குள் போடும் எந்தத் துணிக்கும் பலகைக்கும் ஆடி சோதனை (Oddy test) செய்யச் சொல்லிக் கேளுங்கள். சோதிக்க வேண்டிய பொருளில் 2 கிராம் எடுத்து, வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு மூடிய குடுவையில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் விடுவார்கள். தகடு நிறம் மாறினால் அந்தப் பொருள் ஆகாது. நான்கு வாரம் பிடிக்கும் என்பதால் துணி வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளவே கூடாது. அவகாசம் இல்லையென்றால் சாயமில்லாத, நன்றாக அலசிய பருத்தித் துணி; பலகையின் மேல் அலுமினியம் பூசிய தடுப்புத் தாள். பெட்டிகளைப் பிரித்து மறுபடி அமைக்க 640 யூரோ, கோப்பையைப் பார்த்த பாதுகாப்பு வல்லுநருக்கு 850 யூரோ. வீட்டில் விளக்குத் தேய்ப்பதுபோல நாமே தேய்த்துவிடலாம் என்று கை பரபரக்கும். முலாம் பூச்சு மயிரிழை கனம்தான் இருக்கும்; தேய்த்தால் அடியிலுள்ள பித்தளை தெரிந்துவிடும், பொறித்த பெயர்களின் விளிம்பும் மழுங்கிப்போகும். பெயர் படிக்க முடியவில்லை என்று தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடித்துச் செல்போனில் படம் எடுத்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும்.

அடுத்தது நீச்சலுடை. அந்தக் காலத்து நீச்சலுடை பின்னல் கம்பளி. நனைந்தால் கனத்துத் தொங்கும், காய்ந்தால் சுருங்கும். என்னிடம் வந்ததில் இடது தோள்பட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு இழை ஓட்டித் தைத்திருந்தார்கள். நூலின் நீலம் உடையின் நீலத்தைவிட ஒரு சாயல் வெளிறியது. கிழிந்ததும் தூக்கிப்போடாமல், கையில் கிடைத்த நூலால் தைத்து மறுபடி தண்ணீரில் இறங்கியிருக்கிறார். கண்காட்சியிலேயே என் மனதை அதிகம் பிடித்த இடம் அந்த இரண்டு விரல் அகலம்தான். அதைச் சரிசெய்து தரவா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். இப்படிப்பட்ட தையலை ஒருபோதும் பிரிக்காதீர்கள், அந்தப் பெண்ணின் கைவேலைக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான்.

இந்த உடையை நிறுத்திக் காட்ட ஜவுளிக்கடைப் பொம்மை ஒன்றை 180 யூரோவுக்கு வாங்கினேன். வீண். இன்றைய பொம்மையின் தோளும் மார்பும் அந்தக் காலத்துப் பதினாறு வயதுப் பெண்ணின் உடைக்குள் போகாது. தலைவழியாக இழுத்தால் பின்னல் விரிந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. பாலிஎதிலீன் நுரையைச் செதுக்கி, மேலே பாலியெஸ்டர் பஞ்சும் பருத்திப் பின்னல் துணியும் போர்த்தி, உடையின் சுற்றளவைவிட 2 முதல் 3 சென்டிமீட்டர் குறைவாக உடற்பகுதி செய்துகொள்ள வேண்டும். அது முடியாதென்றால் 20 டிகிரி சாய்ந்த பலகையில் படுக்க வைத்துவிடலாம். கம்பளியைக் காட்சி அறைக்குள் கொண்டுவருவதற்கு முன்னால் பூச்சி பார்ப்பது கட்டாயம். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், அல்லது மைனஸ் 20இல் இரண்டு வாரம் வைத்தால் முட்டை, புழு எல்லாம் சாகும். வெளியே எடுத்ததும் ஆர்வத்தில் பையைத் திறந்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வர ஒரு முழு நாள் விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். எனாமல் பேட்ஜ், ரப்பர், தோல் ஒட்டியிருக்கும் துணியை வல்லுநரைக் கேட்காமல் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகவே கூடாது. லக்ஸ் மீட்டரைத் துணிக்குப் பக்கத்திலேயே வைத்து அளக்க வேண்டும். அறை நடுவில் அளந்தால் ஏமாந்துபோவோம். மங்கலாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் சொல்வார்கள். முந்தைய அறையின் வெளிச்சத்தையும் படிப்படியாகக் குறைத்தால் கண் பழகி, 50 லக்ஸே தாராளமாகத் தெரியும்.

தோல் பந்து வந்தால் காற்றடித்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பை இறுகிக் கல்லாகியிருக்கும், வெளித்தையல் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கயிற்றையும் அவிழ்க்காதீர்கள். நசுங்கியது நசுங்கியபடி நுரை வளையத்தில் உட்கார வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் ஆடாமல் இருந்தால் போதும். தோல் சிவப்புப் பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் எதுவும் தடவாமல் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். பழைய பிலிம் சுருள் தந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள்: வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட், கெட்டுக்கொண்டிருக்கிறது, பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். 35 மில்லிமீட்டர் சுருள் 1950க்கு முந்தியது என்றால் நைட்ரேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீராலும் அணையாது. அதைக் கட்டடத்துக்குள்ளேயே ஏற்றாமல் திரைப்படக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள்.

புகைப்படங்களில் மட்டும் இரண்டு மாதம் போனது. வந்தவை பெரும்பாலும் 9க்கு 12 சென்டிமீட்டர் அளவு. எல்லாவற்றையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்ய ஆள் வைத்தேன். சுவர் அளவுக்குப் பெரிதாக்கியபோது எல்லாம் சேறு. கணக்கு எளிது: 9 சென்டிமீட்டரை 90 ஆக்கி 150 டிபிஐயில் அச்சிட 1,500 டிபிஐ ஸ்கேன் வேண்டும். பழைய அச்சுப்படத்தில் அவ்வளவு விவரமே இருக்காது என்பதால் நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக்காமல் இருப்பதே நல்லது; அதற்கு 600 போதும். சுவர்ப் படம்தான் வேண்டுமென்றால் நெகட்டிவைத் தேட வேண்டும். மறுபடி ஸ்கேன் செய்ய 420 யூரோ. அப்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்தேன். முதல் முறையே எடுத்திருக்க வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். சுருண்ட படத்தைக் கையால் நிமிர்த்தாதீர்கள், ஜெலட்டின் பூச்சு வெடிக்கும்.

படத்தில் இருப்பது யார், எந்த ஆண்டு என்று குடும்பத்தார் சொல்வதை அப்படியே எழுதிவிடக் கூடாது. ஹக்கோவா குழுப்படம் என்றாலே வீட்டில் “1925 சாம்பியன் அணி” என்றுதான் சொல்லிப் பழகியிருப்பார்கள். வருவதில் பல வேறு பருவத்துப் படம். ஆஸ்திரியத் தேசிய நூலகத்தின் ஆனோ தளத்தில் அந்தக் காலத்து நாளிதழ்களும் விளையாட்டு இதழ்களும் இலவசமாக இருக்கின்றன. அணிப் பட்டியலை அதில் ஒப்பிட வேண்டும். பழைய ஜெர்மன் அச்செழுத்தைக் கணினி தப்பாகப் படிக்கும் என்பதால் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் ஆட்டத் தேதிக்கு அடுத்த நாள் இதழைத் திறந்து கண்ணால் படியுங்கள். ஹங்கேரியிலிருந்து வந்த வீரர்களுக்கு இரண்டு பெயர் இருக்கும்: சாண்டோர் நெமெஷும் அலெக்சாண்டர் நாய்ஃபெல்டும் ஒரே ஆள். இது தெரியாமல் ஒருவரை இருவராக்கி ஒரு பேனலில் போட்டிருந்தேன், அச்சுக்கு முந்தைய நாள்தான் கண்ணில் பட்டது. ஹக்கோவா என்ற பெயரும் வியன்னாவுக்கு மட்டும் சொந்தமில்லை. கிராட்ஸ், பெர்லின், சிட்னி என்று பல ஊர்களில் ஹக்கோவா இருந்திருக்கிறது. அமெரிக்காவில் தங்கிய வீரர்கள் சேர்ந்த நியூயார்க் ஹக்கோவா 1929இல் அந்நாட்டுக் கோப்பையை வென்றது. ஏலத்தில் வியன்னா என்று நம்பி 95 யூரோவுக்கு வாங்கிய எனாமல் பேட்ஜ் வேறொரு கண்டத்து ஹக்கோவாவினுடையது. பின்பக்கத்தில் செய்தவர் முத்திரையும் ஊரும் இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லாமல் பேட்ஜ் வாங்காதீர்கள்.

ஏலத்தில் வாங்குவதில் இன்னொரு பெரிய கேள்வி உண்டு. 1938 மார்ச்சில் சங்கத்தின் சொத்து பறிபோனது. சங்கப் பெயர் பொறித்த கோப்பையோ கொடியோ விற்பனைக்கு வந்தால், அன்றிலிருந்து 1945 மே வரை அது யார் கையில் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். நாஜி காலத்தில் பறிபோன பொருள்களைப் பட்டியலிட்டு, ஜெர்மனியின் மாக்டபுர்கிலிருந்து நடத்தப்படும் லாஸ்ட் ஆர்ட் தரவுத்தளத்தில் தேடுவது முதல் படி. திருட்டுப் பொருளை, அதைப் பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னாலேயே காட்சிக்கு வைக்கும் அவமானம் எந்த அருங்காட்சியகத்துக்கும் வரக் கூடாது.

புகைப்பட உரிமையும் பணத்தைத் தின்னும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எடுத்தவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு. 1938இல் நாட்டைவிட்டு ஓடிய ஒரு புகைப்படக்காரர் 1980வரை வாழ்ந்திருந்தால் 2050 முடியும்வரை அவர் வாரிசிடம் கேட்க வேண்டும். நூறு ஆண்டுப் பழைய படம்தானே என்று நினைத்து அலட்சியமாக இருந்தேன். ஆறு படங்களுக்கு 1,150 யூரோ கட்ட வேண்டிவந்தது. கண்காட்சிக்கு, அழைப்பிதழுக்கு, இணையத்துக்கு என்று மூன்று அனுமதியையும் ஒரே கடிதத்தில் கேட்டால் கட்டணம் குறையும்.

பெயர்களில் செய்த ஒரு தவறு இப்போது நினைத்தாலும் நெஞ்சைச் சுடுகிறது. சங்கத்தில் நீந்திய ஒரு பெண்ணின் 1939ஆம் ஆண்டு ஆவணத்தைப் பார்த்து, அதில் இருந்த முழுப்பெயரை அப்படியே குறிப்பில் போட்டேன். நடுவில் “சாரா” என்று இருந்தது. 1938 ஆகஸ்டில் போட்ட ஆணைப்படி, 1939 முதல் யூதப் பெண்கள் எல்லாரும் சாரா என்றும் ஆண்கள் எல்லாரும் இஸ்ரேல் என்றும் கூடுதல் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்; நாஜி அரசு பட்டியலிட்ட பெயர் உள்ளவர்களுக்குத்தான் விலக்கு. அது அவர் பெயர் இல்லை, அவரை முத்திரை குத்திய பெயர். அவர் மகன் திறப்பு விழாவுக்கு முன்தினம் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை, “இது அம்மாவின் பெயர் இல்லை” என்று மட்டும் சொன்னார். எட்டு அட்டையை இரவோடு இரவாக மாற்ற 380 யூரோ. பணம் பெரிதில்லை, அந்த மகன் அதைப் படிக்க நேர்ந்ததே என்பதுதான். 1938க்கு முந்தைய சங்கப் பதிவு, பள்ளிச் சான்று, போட்டிப் பட்டியல் இவற்றிலிருந்து பெயரை எடுங்கள். ஆவணத்தையே காட்சிக்கு வைத்தால் அந்தக் கூடுதல் பெயர் என்ன என்று பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள்.

ஹீப்ரு எழுத்து இன்னொரு கண்ணி. சுவரில் சங்கத்தின் பெயரை ஹீப்ருவில் வினைல் வெட்டி ஒட்டினோம். என் கணினியில் சரியாக இருந்தது. வெட்டும் இயந்திரத்தின் மென்பொருள் வலமிருந்து இடம் எழுதும் மொழியை அறியாததால் எழுத்துகளை முன்பின்னாக வரிசைப்படுத்திவிட்டது. இரண்டு நாள் அப்படியே சுவரில் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை; வந்த ஒரு முதியவர்தான் மெதுவாகக் காட்டினார். 260 யூரோ. ஹீப்ரு, அரபு எதுவானாலும் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎஃப் மட்டுமே அனுப்புங்கள். மொழி தெரிந்தவர் வெட்டிய தாளையே பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒட்டவிடுங்கள்.

திறப்பு விழாவை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தேன். யூதர்களின் ஓய்வுநாளான சபாத் வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்குகிறது. அனுசரிக்கும் குடும்பங்கள் வரவே முடியாது. அழைப்பிதழ் அச்சான பிறகுதான் உறைத்தது, 310 யூரோ போச்சு. யூதப் பண்டிகை எல்லாமே முந்தின நாள் மாலையில் தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத் அடுத்தடுத்து வருவதால் அந்த மாதங்களில் இரவல் வாங்குவதோ திருப்புவதோ நடக்காது என்று கொள்ளுங்கள். ஞாயிறு மத்தியானம்தான் எல்லாருக்கும் தோது. விருந்து வைப்பதாக இருந்தால் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) சான்று உள்ள இடத்தில் வாங்க வேண்டும், பாத்திரமும் அவர்களுடையதே. காவலுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். யூதர் தொடர்பான காட்சி என்றால் வாசலில் பை சோதனையும் ஆளும் தேவைப்படுகிற காலம் இது; எனக்கு 1,900 யூரோ அதற்கே போனது. உள்ளூர்க் காவல்துறைக்கு ஆறு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்.

இரவல் ஒப்பந்தத்தில் உரிமையாளர் யார் என்பதை வாய்மொழியாக விடாதீர்கள். ஒரு பதக்கம் லண்டனில் ஒரு மகள் வீட்டில் இருக்கும், டெல் அவிவில் இருக்கும் தம்பிக்கும் அதில் பாத்தியதை இருக்கும். எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். காப்பீடு, வீட்டிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து திரும்ப வைக்கும் நிமிடம்வரை இருக்க வேண்டும். எடுக்கும்போதே அவர்கள் முன்னால் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து, நிலை அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கோப்பை கறுத்தபோது அந்த அறிக்கைதான், முன்பு எப்படி இருந்தது என்று இரு தரப்புக்கும் சந்தேகமில்லாமல் காட்டியது.

எந்தப் பொருளை நடுவில் வைப்பது என்று யாராவது கேட்டால் நீச்சல் வீராங்கனைகளைச் சொல்வேன். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரியா தேர்ந்தெடுத்த யூடித் டொய்ச், ரூத் லாங்கர், லூசி கோல்ட்னர் மூவரும், யூதர்களைத் துன்புறுத்தும் நாஜி ஜெர்மனி நடத்துவது என்பதால் போக மறுத்தார்கள். ரூத் லாங்கருக்குப் பதினைந்து வயதுதான். நீச்சல் கூட்டமைப்பு அவர்களுக்குத் தடை விதித்தது, சாதனைகளைப் பதிவேட்டிலிருந்து அழித்தது. யூடித் டொய்ச்சின் சாதனைகள் 1995இல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டன. அதற்காக அவர் வியன்னாவுக்கு வர மறுத்ததால் கூட்டமைப்பினர் இஸ்ரேலுக்குப் போக நேர்ந்தது. அவர்கள் கதையை எழுதும்போது முதல் வரியில் மறுப்பை எழுதாமல் நீந்திய தூரத்தையும் நேரத்தையும் எழுதுங்கள், எவ்வளவு வேகமானவர்கள் என்று தெரிந்தால்தான் எதைத் துறந்தார்கள் என்பது தெரியும். பக்கத்திலேயே 1932 லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு மல்யுத்த முறைகளிலும் வெண்கலம் வாங்கிய மிக்கி ஹிர்ஷலை வைத்தேன். கடைசிப் பெட்டியில் இன்றைய சங்கம்: 1945இல் மறுபடி தொடங்கியது, வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் பழைய இடத்துக்கருகே 2008இல் திறந்த கார்ல் ஹாபர் விளையாட்டு மையம். சங்கம் அழிந்துவிட்டது என்று நினைத்தபடி யாரும் வெளியே போகக் கூடாது.

குறிப்பு அட்டை 60 சொல்லைத் தாண்ட வேண்டாம், பெட்டிக்குள் 24 புள்ளிக்குக் குறைந்த எழுத்து வேண்டாம். “இறந்தார்” என்று எழுதும் முன் நிறுத்தி யோசியுங்கள். 1925 அணியின் தலைவர் மாக்ஸ் ஷோயர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். கொல்லப்பட்டார் என்றே எழுத வேண்டும்.

காட்சி முடிந்து நீச்சலுடையை அமிலமில்லாத் தாளில் சுற்றித் தந்தபோது, இனி சில ஆண்டுகள் வெளிச்சத்தில் வைக்க வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்தேன். கோப்பையைத் திருப்பித் தந்த வீட்டில், கைப்பிடி உள்வளைவில் இன்னும் மங்கலாக ஒரு கறை தெரிந்தது. வல்லுநர் அதற்குமேல் தொட்டால் முலாம் போகும் என்று நிறுத்தியிருந்தார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பொறித்த பெயரை விரலால் தடவினார், எழுத்து அப்படியே இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அலமாரியில் முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார், கீழே நான் கொண்டுபோன வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து.